பத்துக் கோடி வருஷத்துக் கொக்கி

பத்துக் கோடி வருஷம் பாறைக்குள் பத்திரமாகக் கிடந்த ஒரு பொருள், உங்கள் கடைக்கு வந்த பதினோராம் நாள் காணாமல் போனால், நீங்கள் யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

தையல்காரம்மா முதலில் போலீஸிடம்தான் போனார். புகார் எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர், படிவத்தில் 'பொருளின் வயது' என்ற கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"பத்துக் கோடி வருஷம்," என்றார் தையல்காரம்மா.

"இவ்வளவு நாள் கழிச்சு வந்து புகார் குடுக்கறீங்களேம்மா," என்று சொல்லிவிட்டு அவர் பேனாவை மூடிவிட்டார்.

அதனால்தான் வியாழக்கிழமை மதியம் அண்ணியும் கொழுந்தனும் அந்தத் தையல்கடையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

இந்த ஜோடியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அண்ணி, இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் மற்றவர்களின் பொய்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். பத்தொன்பதாம் வருஷம் கண்டுபிடித்தது சொந்தப் புருஷனின் பொய். விவாகரத்தில் அவன் வீட்டை எடுத்துக்கொண்டான், காரை எடுத்துக்கொண்டான், தொட்டி மீனைக்கூட விடவில்லை. அண்ணி அவனுடைய தம்பியை எடுத்துக்கொண்டார். துப்பறியும் ஆபீஸுக்கு ஓர் உதவியாள் வேண்டியிருந்தது. "என்னைப் பிரிச்சுக் குடுக்கும்போது ஒரு வார்த்தை கேக்கலியே," என்று நாற்பத்திரண்டு வயதுக் கொழுந்தன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான். ஆனால் போகச் சொன்னால் போக மாட்டான்.

கடை சின்னது. இரண்டு தையல் மெஷின், ஓர் இஸ்திரிப் பெட்டி, தலையில்லாத ஒரு பொம்மை. பொம்மையின் தோளில் ஓர் அளவு நாடா மாலை மாதிரி தொங்கியது. பின்பக்க ஜன்னலை ஒட்டிய பலகையில் நூல்கண்டுகளுக்கு நடுவே வட்ட வட்டமாகச் சுருண்ட கற்கள். சிலது பட்டன் அளவு, சிலது தோசைக்கல் அளவு.

"நத்தையாம்மா?" என்று கொழுந்தன் ஒன்றை எடுத்தான்.

"கீழ வைங்க. நத்தை இல்ல, அம்மோனைட். கணவாய் மீனுக்குச் சொந்தக்காரன். ஓட்டைச் சுருட்டி அதுக்குள்ளயே குடியிருந்துச்சு. டைனோசர் போன சமயத்துல இதுவும் குடும்பத்தோட போய்ச் சேர்ந்துடுச்சு."

"இந்த ஊர்ல கடலே இல்லியேம்மா. பஸ்ல போனாலே ஏழு மணி நேரம் ஆகுது."

"இப்போ இல்ல. அப்போ இருந்துச்சு. நீங்க நிக்கறது கடலோட அடித்தரை."

கொழுந்தன் ஒரு காலை லேசாகத் தூக்கிக்கொண்டான்.

தையல்காரம்மா ஒரு கல்லைத் திருப்பி அதன் முதுகைக் காட்டினார். மேல் ஓடு உதிர்ந்த இடத்தில் இலை நரம்பு மாதிரி நெளிநெளியான கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு பிசிறில்லாமல் ஓடின.

"ஓட்டுக்குள்ள அறை அறையா தடுத்திருக்கும். ஒவ்வொரு தடுப்பும் ஓட்டோட சேர்ற இடம் இது. தையல் மாதிரி இல்ல? இதைப் பார்த்துத்தான் நான் இந்தப் பைத்தியத்துல விழுந்தேன். முப்பது வருஷமா தைக்கிறேன். இப்படி ஒரு தையல் என் கையால வந்ததில்ல."

"காணாமப் போனது எது?" என்றார் அண்ணி. அவருக்குப் பேச்சைக் கத்தரிப்பது பிடிக்கும்.

"அது சுருளவே இல்லம்மா! ஊர் உலகத்துல இருக்கறது எல்லாம் சுருண்டிருக்கு. இது மட்டும் கொஞ்ச தூரம் சுருண்டுட்டு, மனசு மாறி நேரா போயி, அப்புறம் திரும்பி வளைஞ்சு, மேல ஒரு முறுக்கு. பேன்ட்டுக்குப் போடுற கொக்கி இருக்குல்ல, அது மாதிரி. அருங்காட்சியகத்து நிபுணருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கொக்கி சாதியில ஒண்ணு ரெண்டு உண்டாம். ஆனா அந்த முறுக்கை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லையாம். நாளைக் காலைல பத்து மணிக்கு நேர்ல வர்றார். எல்லாம் சரியா இருந்தா அந்த இனத்துக்கே என் பேரை வைக்கறேன்னு சொன்னார்."

சொல்லும்போதே அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. மெஷின் மேல் கிடந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நம்ம ஊர்ல கல் சேகரிக்கறவங்க சங்கம் ஒண்ணு இருக்கு. ஆறு பேர். பத்தொன்பது வருஷமா நானும் அதுல இருக்கேன். அவங்களுக்கு நான் யாரு தெரியுமா? கோட்டுக்குப் பட்டன் வெச்சுக் குடுக்கற அம்மா. நான் எழுந்து நின்னு கண்டெடுத்ததைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, ஆளாளுக்கு பிஸ்கட் எடுக்கப் போயிடுவாங்க. போன வாரம் கொக்கியைப் பத்திச் சொன்னேன். அன்னிக்கும் பிஸ்கட்தான்."

"நிபுணருக்குக் கல் மட்டும் போதுமா?"

"கல்லும் வேணும், குவாரிச் சுவர்ல எந்தப் பாறை அடுக்குல கிடைச்சதுன்னும் வேணும். அடுக்கு தெரிஞ்சாத்தான் வயசு தெரியும். அடுக்கு தெரியாத கல்லு வெறும் அழகுப் பொருளாம், பேர் வைக்க முடியாதாம். குவாரியிலேர்ந்து வந்த உடனே எழுதி வெச்சேன்." தையல்காரம்மா தலையில் கை வைத்தார். "கைக்கு எட்டினது தையல் சாக்பீஸ்தான். எழுதினது ஒரு துணியில. அந்தத் துணியை அப்புறம் நானே பேன்ட்டா தெச்சுட்டேன். துணி குடுத்தவரும் போட்டுக்கிட்டுப் போயிட்டார். இப்போ ஏழாவது அடுக்கா எட்டாவதான்னு எனக்கே குழப்பம். போய்ப் பார்க்கலாம்னா, அந்தச் சுவருக்கு மறுநாளே வெடி வெச்சுட்டாங்க."

"அப்போ ஆதாரம் ஒரு பேன்ட்டுக்குள்ள ஊரைச் சுத்திக்கிட்டு இருக்கு," என்றான் கொழுந்தன். "அண்ணி, நான் போயி ஊர்ல எல்லார் பேன்ட்டையும்..."

"தம்பி, வாயை மூடு. சாக்பீஸ் ஒரு தோய்ப்புல போயிடும். கல் எங்கம்மா இருந்துச்சு?"

"இந்தப் பட்டன் டப்பாவுக்குள்ள. செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்குச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தா ஜன்னல் திறந்திருக்கு, கொக்கி இல்ல."

அண்ணி டப்பாவைத் திறந்தார். பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"பட்டனை இப்படி யாரும்மா அடுக்கினது?"

"நானா? எனக்கு ஏதும்மா நேரம்? எல்லாம் ஒண்ணாக் கொட்டித்தான் கிடக்கும். கொக்கி இல்லன்னு பார்த்ததும் மூடிட்டேன், பட்டனை நான் கவனிக்கவேயில்ல." எட்டிப் பார்த்த தையல்காரம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது.

டப்பாவுக்குள் ஒரு தாள் விரித்து, அதன் மேல் பட்டன்கள் அணிவகுத்து நின்றன. பெரிசு பெரிசோடு, சின்னது சின்னதோடு. இரண்டு ஓட்டை தனி, நாலு ஓட்டை தனி.

"திருடன்னா கலைச்சுட்டுப் போவான்," என்றார் அண்ணி. "இவன் அடுக்கி வெச்சுட்டுப் போயிருக்கான். அவசரத்துல இருக்கும்போதுகூட ஒருத்தனுக்குக் கை சும்மா இருக்கலன்னா, அவன் பணத்துக்குத் திருடறவன் இல்ல. சேகரிக்கறவன். உங்க சங்கத்து ஆள்தான். அஞ்சு பேர்ல ஒருத்தர்."

"அஞ்சு பேர் வீட்டுக்கும் போகணுமா? நாளைக்குப் பத்து மணிக்குள்ளயா?"

"எண்ணிப் பாரு. ஒரு வரிசையில எத்தனை?"

கொழுந்தன் விரல் வைத்து எண்ணினான். "பதினாறு."

"அடுத்த வரிசை?"

"அதுவும் பதினாறு. மேல பதினாறு, கீழ பதினாறு. அதுவும் நேரா இல்ல அண்ணி, வளைவா இருக்கு. ரெண்டு வரிசையும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டு இருக்கு. கீழ் வரிசைப் பதினாறுல ஓர் இடம் காலி. அங்க இருக்க வேண்டிய பட்டன் உடைஞ்சது. அதை எடுத்து ஓரமா பஞ்சுல வெச்சிருக்கான்."

மூன்று பேரும் கொஞ்ச நேரம் அந்தப் பட்டன்களைப் பார்த்தார்கள். பட்டன்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தன.

"மேல பதினாறு, கீழ பதினாறு," என்றார் அண்ணி. "சொத்தையைப் பிடுங்கிட்டுப் பஞ்சு வெச்சிருக்கார். உங்க சங்கத்துல பல் டாக்டர் யாரு?"

"எங்க தலைவர்!" என்று தையல்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

*

நாலு மணிக்குக் கதவைத் திறந்த பல் டாக்டர் ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆனவர். ஒல்லியான ஆள். தையல்காரம்மாவைப் பார்த்ததும் முகம் ஒரு நொடி வெளுத்தது. உடனே சமாளித்துக்கொண்டார்.

"என் கோட்டு ரெடியாம்மா?"

"இன்னும் இல்ல டாக்டர்."

"நாங்க உங்க கலெக்‌ஷனைப் பார்க்கணும்," என்று கொழுந்தனை முந்திக்கொண்டு அண்ணி சொன்னார். "ஊரே பேசுது."

இந்த ஒரு வார்த்தைக்குச் சேகரிக்கிறவர்கள் கதவை மட்டுமல்ல, கூரையையே கழற்றித் தருவார்கள். டாக்டர் உள்ளே அழைத்துப் போனார்.

பழைய கிளினிக் அறை. ஒரு சுவர் முழுக்க இழுப்பறைகள். எதிர்ச் சுவர் முழுக்கப் பிளாஸ்டர் பல் அச்சுகள், நூற்றுக்கணக்கான தாடைகள், ஒன்றுக்கும் உடம்பு இல்லை. நடுவில் பல் பிடுங்கும் நாற்காலி, மேலே விளக்கு, பக்கத்தில் துளையிடும் கருவி.

"அதுலதான் கல்லைச் சுத்தம் பண்றேன்," என்றார் டாக்டர். "மனுஷங்களைவிட இதுங்க தேவலை. கத்தாது. உட்காருங்க, வேற நாற்காலி இல்ல."

கொழுந்தன் உட்கார்ந்தான். விளக்கைப் பார்த்ததும் அவன் வாய் தானாகத் திறந்துகொண்டது. டாக்டரும் பழக்க தோஷத்தில் குனிந்து பார்த்தார்.

"கீழ இடது பக்கம் ஆறாவது. எத்தனை நாளா வலி?"

"ஆறு மாசமா," என்றான் கொழுந்தன் திறந்த வாயோடு. "அண்ணி லீவு தர மாட்டேங்கறாங்க."

அண்ணி அதற்குள் இழுப்பறைகளைத் திறக்க ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு அறையிலும் சின்னச் சின்ன அட்டைத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கல், அதன் கீழே ஒரு லேபிள்: எண், கிடைத்த இடம், அடுக்கு, கண்டெடுத்தவர், நாள், வந்த வழி.

"எவ்வளவு சுத்தம்!" என்றார் அண்ணி.

"நாப்பத்தொரு வருஷம்," டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "லேபிள் இல்லாத கல்லு ரோட்டுல கிடக்கற ஜல்லிதான். சங்கத்துல முதல் விதியே அது. பொண்டாட்டிகிட்டப் பொய் சொல்லுவேன், வரி ஆபீஸ்ல பொய் சொல்லுவேன். லேபிள்ல மட்டும்..." காதைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா வந்தது எது?"

"அடுத்த அறை. நேத்து ஆத்தோரத்துல கிடைச்சது. சின்னதுதான், ஆனா முழுசு."

அண்ணி கடைசி அறையை இழுத்தார். தட்டுகளின் மேல் விரலை ஓட்டினார். 2314. 2315. 2316. 2318.

விரல் திரும்பி வந்தது.

"2317 எங்க டாக்டர்?"

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுச் சுவர்தான்.

"அது... ஒண்ணுமில்ல."

"நம்பர் போடும்போது ஒண்ணு விட்டுப்போச்சா?"

"விட்டுப்போச்சா?" டாக்டரின் காது மடல்கள் சிவந்தன. "எனக்கா?"

"அதுல என்ன இருக்கு. வயசாயிட்டா எல்லாருக்கும் வர்றதுதான். எங்க சித்தப்பா கூட மாத்திரையை ரெண்டு தடவை எண்ணுவார்."

"உங்க சித்தப்பா எண்ணுவார். நான் எண்ண மாட்டேன்! நாப்பத்தொரு வருஷத்துல ஒரு நம்பர், ஒரே ஒரு நம்பர்..."

"சரி விடுங்க. தப்பா எண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாங்க கிளம்பறோம்." அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டினார். "தம்பி, எழுதிக்கோ."

கொழுந்தன் நாற்காலியில் சாய்ந்தபடியே நோட்டை எடுத்து, ஒவ்வொரு வார்த்தையையும் உரக்கச் சொல்லி எழுதினான். "சங்கத் தலைவர்... ரெண்டாயிரத்து முந்நூத்துப் பதினாறுக்கு அப்புறம்... பதினெட்டு வரும்னு... நினைச்சுக்கிட்டார்..."

டாக்டர் வாயைத் திறந்தார். மூடினார். ஓர் ஆள் உள்ளுக்குள் இரண்டு துண்டாக உடைகிற சத்தம் வெளியே கேட்காது என்பார்கள். கொழுந்தனுக்கு அன்றைக்குக் கேட்டது.

"எழுதாதீங்க!" என்று டாக்டர் கத்தினார். "திருடினேன்! போதுமா? நான் திருடன்! எண்ணத் தெரியாதவன் இல்ல!"

சுவர் அலமாரிக்குப் போய் ஒரு பெரிய பிளாஸ்டர் தாடையை எடுத்து வாயைப் பிளந்தார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் விரல் நீளத்துக்கு ஒரு பழுப்புக் கொக்கி. சுருண்டு, நேராகி, வளைந்து, நுனியில் ஒரு முறுக்கு.

தையல்காரம்மா இரண்டு கையையும் குவித்து வாங்கிக்கொண்டார்.

பஞ்சுக்கு அடியில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. கொழுந்தன் எடுத்துப் பிரித்தான். லேபிள். கறுப்பு மையில் மணி மணியான கையெழுத்து. உரக்கப் படித்தான்.

"எண் 2317. கிடைத்த இடம், பழைய சுண்ணாம்புக்கல் குவாரி, வடக்குச் சுவர். அடுக்கு, கீழிருந்து எட்டாவது. கறுப்புப் பட்டைக்கு இரண்டு சாண் மேலே. கண்டெடுத்தவர்..." அங்கே தையல்காரம்மாவின் பெயர் முழுசாக இருந்தது, அப்பா பெயரோடு. "கண்டெடுத்த அன்று தூறல். உடைக்கும்போது கண்டெடுத்தவரின் வலது கட்டைவிரலில் காயம். வந்த வழி, திருட்டு. செவ்வாய் மதியம் ஒன்று பத்துக்கு, தையல்கடை பின்பக்க ஜன்னல் வழியாக. திருடியவர், மேற்படி சங்கத்தின் தலைவர்."

கொழுந்தன் தாளைக் கீழே இறக்கினான். "டாக்டர், இது லேபிளா, வாக்குமூலமா?"

"வந்த வழின்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல உண்மையைத்தானே எழுத முடியும்?" டாக்டருக்கு நிஜமாகவே கேள்வி புரியவில்லை.

"எதுக்குத் திருடினீங்க?" என்றார் அண்ணி.

"ரெண்டாயிரத்து முந்நூத்துப் பதினாறு கல்லு. அத்தனையும் சுருள். இந்தம்மா கொக்கின்னு சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. ஒரே ஒரு ராத்திரி பக்கத்துல வெச்சுக்கிட்டுத் திருப்பிக் குடுத்துடலாம்னு நினைச்சேன்."

"செவ்வாய், புதன். ரெண்டு ராத்திரி ஆச்சு," என்றான் கொழுந்தன்.

"முதல் ராத்திரி சந்தோஷத்துல தூங்கிட்டேன். அது எப்படிக் கணக்குல வரும்?"

தையல்காரம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"எட்டாவது அடுக்கு. நான் எட்டுன்னா சொன்னேன்?"

"முதல்ல ஏழுன்னீங்க. அப்புறம் விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, இல்ல எட்டுன்னீங்க. கறுப்புப் பட்டைக்கு ரெண்டு சாண் மேலன்னு கையால காட்டினீங்க. நான் வீட்டுக்கு வந்ததும் குறிச்சு வெச்சேன்."

"நீங்க பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்களே டாக்டர்."

"கண்ணு பிஸ்கட்ல இருந்துச்சு." டாக்டர் தரையைப் பார்த்தார். "பத்தொன்பது வருஷமா உங்க கல்லு ஒவ்வொண்ணையும் குறிச்சு வெச்சிருக்கேன். நூத்தி நாப்பத்தாறு. பொறாமையிலதான். வேற எதுக்கு?"

அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டார். துப்பறிகிற நேரத்தில் உருகுவது அவருக்குப் பிடிக்காது.

"சரி. நாளைக்கு நிபுணருக்கு அடுக்கு வேணும். உங்க கையெழுத்துல இருக்கு. ஆனா இந்த லேபிள் அவர் கைக்குப் போனா?"

"முதல் லேபிளைக் கல்லைவிட்டுப் பிரிக்கக் கூடாது," என்றார் டாக்டர் ஈனக் குரலில். "அருங்காட்சியகத்துல கல்லோட அதுவும் இருக்கும். கடைசி வரைக்கும். யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவாங்க."

"புதுசா ஒண்ணு எழுதிடலாம். இடம், அடுக்கு, பேர். கடைசி ரெண்டு வரி வேண்டாம்."

"எனக்கும் அது போதும்," என்றார் தையல்காரம்மா. "கல்லு வந்துடுச்சு. உங்க மானத்தை வாங்கி நான் என்ன பண்ணப்போறேன்?"

டாக்டர் அண்ணியையும் தையல்காரம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். வெட்கம் கெட்ட யோசனை ஒன்றைக் கேட்டவர் மாதிரி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"லேபிளைத் திருத்தறதா? அம்மா, நான் திருடன்தான். ஒத்துக்கறேன். அதுக்காக இவ்வளவு கேவலமா இறங்க முடியாது. இதுல இருக்கறது அத்தனையும் சத்தியம். ஓர் எழுத்துத் தப்புன்னு காட்டுங்க, நாப்பத்தொரு வருஷத்தையும் கொண்டுபோய்க் குப்பையில கொட்டிடறேன்."

கொழுந்தன் தையல்காரம்மாவைப் பார்த்தான். கல்லை ஏந்தியிருந்த கைகளில் வலது கட்டைவிரல் வழவழவென்று இருந்தது. இடது கட்டைவிரலின் குறுக்கே, ஆறியும் ஆறாமலும், நீளமாக ஒரு கீறல்.

அவர் மெதுவாக இடது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு டாக்டர்," என்றார். "ஒரு தப்பும் இல்ல."

கொழுந்தன் நாற்காலியிலிருந்து எழுந்து, லேபிளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, தையல்காரம்மாவின் கையில் கொடுத்தான்.

*

மறுநாள் காலை பத்து இருபதுக்கு நிபுணர் தையல்கடைக்கு வந்தார். கல்லை லென்ஸ் வைத்து நாற்பது நிமிஷம் பார்த்தார். லேபிளை இரண்டு முறை படித்தார். அடுக்கு தெளிவாக இருக்கிறது என்றார். வந்த வழி பற்றி எதுவும் கேட்கவில்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து மூடினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் தையல்காரம்மாவின் பெயரை எழுதி, அதை வாய்விட்டுப் படித்து, தான் சரியாகச் சொல்கிறோமா என்று கேட்டார். சரிதான் என்றார் தையல்காரம்மா. பதினொன்றரைக்கு முதல் வாடிக்கையாளர் வந்தார்.